களத்துமேட்டுக் கழிவும் வாய் நாற்றமும்



வாய் நாற்றத்துக்கும் வயற்காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. தண்ணீர் வடியாத தாழ்ந்த வயலில் காலை வைத்தால் கறுப்புச் சேறு கொப்புளித்து ஒரு நாற்றம் கிளம்புமே, அழுகின முட்டை மாதிரி, அது ஹைட்ரஜன் சல்பைடு என்ற கந்தக வாயு. காற்றுப் புகாத சேற்றில் இருக்கும் நுண்கிருமிகள் அதை உண்டாக்குகின்றன. நம்முடைய நாக்கின் பின்பகுதியும், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள சந்தும் கிட்டத்தட்ட அந்தத் தாழ்ந்த வயல் மாதிரிதான். அங்கேயும் காற்று போகாது. அங்கேயும் கிருமிகள் குடியிருக்கின்றன. அங்கேயும் வருவது அதே ஹைட்ரஜன் சல்பைடுதான். கூடவே மீதைல் மெர்காப்டான் என்று இன்னொரு கந்தக வாயுவும் சேர்ந்துகொள்ளும். அது இன்னும் மோசம்.

வயலில் அந்தக் கிருமிகள் மண்ணிலுள்ள கந்தக உப்பிலிருந்து வாயுவை எடுக்கின்றன. வாயில் உள்ளவை புரதத்தைச் சிதைத்து எடுக்கின்றன. சாப்பாட்டுத் துணுக்கு, உதிர்ந்த சதைச் செல், எச்சில், ஈறிலிருந்து கசியும் ரத்தம் எல்லாவற்றிலும் புரதம் உண்டு. கனடா நாட்டில் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இருந்த டான்செட்டிச் என்ற விஞ்ஞானி, வாய் நாற்றத்துக்கு முக்கிய காரணம் இந்தக் கந்தக வாயுக்கள்தான் என்பதை அளந்து காட்டினார். அவருடைய விரிவான கட்டுரை 1977 இல் வெளிவந்தது. அதற்கு முன்னால் எல்லாரும் வயிற்றின் மேல்தான் பழி போட்டார்கள். இப்போதும் நம் பக்கத்தில் "வயிறு சரியில்லை, அதான் வாய் நாறுது" என்றுதான் சொல்கிறோம். பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு நாற்றம் வாயிலிருந்தேதான் வருகிறது.

ராத்திரி தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்துவிடும். எச்சில்தான் வாய்க்கு வடிகால். வடிகால் அடைத்தால் வயல் என்ன ஆகுமோ அதுதான் வாய்க்கும். காலையில் எழுந்தவுடன் எல்லாருக்கும் நாற்றம் இருப்பது இதனால்தான். மேல்மலையனூர் அமாவாசைக்கு விரதம் இருந்து போகிறவர்கள் சாயங்காலம் பக்கத்து ஆளிடம் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதும் இதனால்தான். இதெல்லாம் வியாதி இல்லை. பல் விளக்கின பிறகும், சாப்பிட்ட பிறகும் போகாமல் நாள் முழுக்க இருக்கிற நாற்றத்தைத்தான் கவனிக்க வேண்டும். நமக்கே தெரிய வேண்டுமானால் ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து நாக்கின் பின்பக்கம் மெதுவாக வழித்து, கொஞ்ச நேரம் விட்டு முகர்ந்து பார்த்தால் போதும். எதிராளியைக் கேட்க வேண்டிய சங்கடம் இல்லை.

சரி, இதில் பயிர்க் கழிவு எங்கே வருகிறது?

செடி கொடிகளுக்கு ஓடி ஒளிந்துகொள்ள வழியில்லை. பூஞ்சணமும் பூச்சியும் வந்தால் நின்ற இடத்திலேயே சமாளிக்க வேண்டும். அதற்காகத் தோலிலும், ஓட்டிலும், பட்டையிலும் துவர்ப்பும் காரமுமான சில பொருள்களைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. டானின், பாலிஃபீனால் என்று விஞ்ஞானிகள் சொல்வது இவற்றைத்தான். நாம் பருப்பைத் தின்கிறோம், தோலையும் ஓட்டையும் எறிகிறோம். ஆக, செடி தன் மருந்தை எங்கே வைத்திருக்கிறதோ அதைத்தான் நாம் குப்பையில் கொட்டுகிறோம். துவர்ப்பு நாக்கை ஏன் இழுக்கிறது? எச்சிலில் உள்ள புரதத்தை அது இறுகப் பிடித்துக்கொள்வதால். கிருமியின் மேல்தோலிலும், அது சுரக்கும் நொதியிலும் இருப்பது புரதம்தான். அதையும் அப்படியே பிடிக்கிறது. வேலங்குச்சியும் ஆலம் விழுதும் பல்லுக்கு நல்லது என்று பெரியவர்கள் சொன்னதில் இந்தத் துவர்ப்புக்குப் பங்கு உண்டு.

வாய் நாற்றக் கிருமிகளுக்கென்றே நம் நாட்டுச் செடி ஒன்றை ஆராய்ந்தது வெற்றிலையில்தான். 2002 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ராம்ஜி, ஐயர், சந்திரசேகரன் ஆகியோர் வெற்றிலையைச் சாராயச் சத்தில் ஊறவைத்து, அதில் கிருமியை அடக்குகிற முக்கியப் பொருள் எது என்று பிரித்துப் பார்த்தார்கள். அல்லைல்பைரோகேட்டகால் என்ற ஒரு பீனால் வகைப் பொருள் கிடைத்தது. காற்றில்லாத இடத்தில் வாழும் வாய் நாற்றக் கிருமிகளை அது அடக்கியது. கிருமி அடங்கினதால் மீதைல் மெர்காப்டானும் ஹைட்ரஜன் சல்பைடும் குறைந்தன. விருந்து முடிந்து தாம்பூலம் தருகிற வழக்கத்துக்கு இப்படி ஒரு நியாயம் இருந்திருக்கிறது.

கொடிக்கால் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கவுளி கட்டும்போது கிழிந்தது, பொத்தல் விழுந்தது, நிறம் கெட்டது என்று எவ்வளவு இலை கழியும் என்று. தின்பதற்கு அழகு வேண்டும், சத்து எடுப்பதற்கு அழகு வேண்டாம். நோய் விழாத, மருந்து அடித்த நாள் கடந்த இலையானால் கழிவு இலையிலும் அதே பொருள்தான் இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வெற்றிலைக்குக் கிடைத்த நற்பெயரைப் பாக்குக்கும் புகையிலைக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004 இல் வெளியிட்ட நூலில் உறுதியாகச் சொல்லிவிட்டது. புகையிலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "வாய் நாத்தத்துக்குத்தாங்க போடறேன்" என்று புகையிலையை அடக்கிக்கொள்கிறவர்களை நம் ஊர்த் திண்ணைகளில் பார்க்கலாம். புகையிலை எச்சிலை வற்றவைத்து, ஈற்றைக் கெடுத்து, நாற்றத்தை அதிகமாக்கும். தன் நெடியால் கொஞ்ச நேரம் மறைக்கும், அவ்வளவே. கழுவின வெற்றிலை ஒன்றை, காம்பும் நுனியும் கிள்ளி, பாக்கும் சுண்ணாம்பும் இல்லாமல் மென்று துப்பலாம்.

அடுத்தது முந்திரி. பழைய தென்னாற்காடு மாவட்டம் 1993 இல் பிரிந்தபோது பண்ருட்டி கடலூர்ப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் விழுப்புரத்துக்காரர்களுக்குப் பண்ருட்டி முந்திரி அடுத்த வீட்டுச் சங்கதிதான். கொட்டையை உடைத்துப் பருப்பை எடுத்தபின் மிஞ்சும் ஓட்டில் ஒரு கறுத்த எண்ணெய் இருக்கிறது. பெயிண்டுக்கும் வண்டி பிரேக்குக்கும் போகிறது. சுடாத ஓட்டின் எண்ணெயில் பெரும்பங்கு அனகார்டிக் அமிலம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் குபோ என்பவரின் குழு 1991 இல் இந்த அமிலத்தைப் பல் சொத்தைக் கிருமியின் மேல் சோதித்தது. மிகக் குறைந்த அளவிலேயே கிருமி மடிந்தது. கேட்கிறபோது ஆசையாக இருக்கும். ஆனால் அதே எண்ணெய் முந்திரி உடைக்கும் பெண்களின் விரலை என்ன செய்கிறது என்று பாருங்கள். தோல் வெந்து, கறுத்து, உரிந்துபோகிறது. விரலைப் பொசுக்குவதை வாயில் வைக்க முடியுமா? ஓட்டைச் சுட்டால் அந்த அமிலம் கார்டனால் என்ற வேறு பொருளாக மாறிவிடும். அதையும் வாயில் வைக்கக் கூடாது. கிருமியைக் கொல்வது பெரிய வித்தை இல்லை. ஆளை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் கொல்வதுதான் வித்தை. மருந்து என்ற பெயர் அதற்குத்தான்.

இப்போது நம்முடைய மல்லாட்டைக்கு வருவோம்.

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1940 இல் வந்த டி.எம்.வி. 2, 1967 இல் வந்த டி.எம்.வி. 7 என்று இந்தியா முழுக்கப் போன ரகங்களின் பெயரில் உள்ள டி.எம்.வி. என்ற மூன்றெழுத்து திண்டிவனத்தைக் குறிப்பதுதான். இந்த மல்லாட்டைப் பருப்பின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் செந்தோல் 100 கிலோ பருப்புக்குச் சுமார் 3 கிலோ தேறும். எண்ணெய் ஆட்டும்போது அது பிண்ணாக்கோடு போய்விடுகிறது. கடலை மிட்டாய்க்கும் வறுகடலைக்கும் வறுத்துத் தேய்த்துப் புடைக்கிற இடத்தில் மட்டும் தனியாகப் பறந்து குவியும். மூட்டை கட்டி மாட்டுக்கோ அடுப்புக்கோ போடுகிறார்கள்.

அந்தத் தோலைச் சும்மா நாக்கில் வைத்தாலே துவர்ப்பு தெரியும். கேட்டகின், புரோஆந்தோசயனிடின் என்ற துவர்ப்புப் பொருள்கள் அதில் ஏராளம். இந்தப் பொருள்கள் மணி கோத்த மாலை மாதிரி ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். பல செடிகளில் மணிக்கு மணி ஒரு முடிச்சுத்தான். மல்லாட்டைத் தோலில் இரட்டை முடிச்சு போட்ட வகையும் இருக்கிறது. அமெரிக்காவில் சதுப்பு நிலத்தில் விளையும் கிரான்பெரி என்ற சிவப்புப் பழத்திலும் இதே இரட்டை முடிச்சு வகைதான். கனடாவில் லவால் பல்கலைக்கழகத்தார் கிரான்பெரிச் சத்தை, ஈறு அழுகலுக்கும் வாய் நாற்றத்துக்கும் காரணமான பார்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற கிருமியின் மேல் சோதித்து 2006 இல் முடிவு வெளியிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், சத்து அந்தக் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை. அது பல்லில் ஒட்டிப் படலம் கட்டுவதைத்தான் தடுத்தது. ஒட்ட முடியாத கிருமியை எச்சில் அடித்துக்கொண்டு போய்விடும். களையைக் கொல்லாமல் வேர் பிடிக்க விடாமல் செய்கிற மாதிரி.

அப்படியானால் செந்தோலை இடித்துப் பல்பொடி பண்ணலாமே என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் ஒரு பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். 1960 இல் இங்கிலாந்து நாட்டில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் திடுதிப்பென்று செத்தன. என்ன வியாதி என்று யாருக்கும் புரியவில்லை. கடைசியில் தீவனத்தில் கலந்த மல்லாட்டைப் பிண்ணாக்கில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பிரேசில் நாட்டிலிருந்து வந்த பிண்ணாக்கு அது. அதில் அஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற மஞ்சள் பச்சைப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அந்தப் பூஞ்சணம் கக்கின விஷத்துக்குத்தான் அஃப்லாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். மனிதனுக்கு ஈரல் புற்றுநோய் உண்டாக்கும் விஷம். மாடு தின்றால் பாலில் வரும். வறுத்தாலும் பொரித்தாலும் முழுக்கப் போகாது. கண்ணுக்குப் பூஞ்சணம் தெரியாத பருப்பிலும் இருக்கலாம்.

இந்தப் பூஞ்சணம் முதலில் ஏறுவது எங்கே? சொத்தைக் காயில், சுருங்கின பருப்பில், உடைந்த ஓட்டில், கிழிந்த தோலில். அதாவது நாம் கழித்து ஒதுக்குகிற பாகத்தில்தான் விஷமும் போய்ச் சேரும். சாக்கின் அடியில் மிஞ்சின தூளையும் தோலையும் சேர்த்து இடித்து, கொஞ்சம் உப்பும் கிராம்பும் போட்டு "இயற்கைப் பல்பொடி" என்று விற்றால் வாங்கிவிடாதீர்கள். நீங்களும் செய்யாதீர்கள். பல்பொடி என்பது தினமும் வாயில் போவது. எவ்வளவுதான் கொப்பளித்தாலும் கொஞ்சம் வயிற்றுக்குள் இறங்கத்தான் செய்யும்.

தோலுக்கு நாளைக்கு ஒரு விலை வர வேண்டுமானாலும், இன்றைக்குப் பருப்புக்குக் கமிட்டியில் நல்ல விலை வேண்டுமானாலும் வேலை ஒன்றுதான். முற்றின பருவத்தில் பிடுங்க வேண்டும். தள்ளிப்போட்டால் காய் மண்ணிலேயே கெடும். கொத்தால் வெட்டுப்பட்ட காயைத் தனியாக ஒதுக்க வேண்டும். காய் குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்கும்வரை, அதாவது ஈரம் 8 சதவீதம் அளவுக்கு வரும்வரை காயவைக்க வேண்டும். மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்க வேண்டும். இன்னொன்று, மிஷினில் உடைக்கும்போது பருப்பு உடையாமல் இருக்கட்டும் என்று காயின் மேல் தண்ணீர் தெளிக்கிற பழக்கம் இருக்கிறதே, அதை விட்டுவிடுங்கள். பூஞ்சணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது அதுதான்.

நெல்லுக்காரர்கள் நம்மிடம் உமிக்கரி இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். பயிர்க் கழிவை வாய்க்குப் பயன்படுத்துவதில் உமிக்கரிக்கு மிஞ்சின பழக்கம் தமிழ்நாட்டில் இல்லை. கரி நாற்றத்தைக் கொஞ்சம் உறிஞ்சும். ஆனால் உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, மணலின் சத்து. அதை விரலால் அழுத்தித் தேய்த்தால் பல்லின் மேல்பூச்சு தேயும். தேய்ந்த பூச்சு திரும்ப வளராது. கூச்சம் வந்தபிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. கரிப் பற்பொடிகளைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் 2017 இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழ் தொகுத்துப் பார்த்தது. நல்லது என்றோ, ஆபத்தில்லை என்றோ சொல்லப் போதுமான சான்று இல்லை என்றுதான் முடிவு வந்தது. தாத்தா 80 வயதுவரை உமிக்கரியில்தான் விளக்கினார் என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. தாத்தா இந்த அளவு சர்க்கரையும் பிஸ்கோத்தும் தின்றதில்லை.

கழிவு மருந்துக் கடை வரைக்கும் போய்ச் சேர்ந்ததற்கு உதாரணம் கேட்டால், மக்காச்சோளத்தைச் சொல்லலாம். கள்ளக்குறிச்சிப் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர்கள் மணியை உதிர்த்தபின் கதிர்க்கட்டையை எரிக்கிறார்கள். அந்தக் கட்டையில் சைலான் என்ற நார்ச்சத்து இருக்கிறது. அமிலத்தில் வேகவைத்தால் சைலோஸ் என்ற சர்க்கரையாகும். அதன்மேல் ஹைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றினால் சைலிட்டால் கிடைக்கும். இனிக்கும், ஆனால் சொத்தைக் கிருமிக்கு அது ஆகாரமாகாது. பின்லாந்து நாட்டில் டுர்க்கு நகரத்தில் சர்க்கரைக்குப் பதிலாக இதைக் கொடுத்துப் பார்த்து, புதுச் சொத்தை வெகுவாகக் குறைந்ததை 1975 இல் வெளியிட்டார்கள். பின்லாந்துக்காரர்கள் பூர்ச்ச மரத்திலிருந்து எடுத்தார்கள். பிறகு சீனாவில் மக்காச்சோளக் கட்டையிலிருந்து பெருமளவில் எடுக்கலானார்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம் பலவற்றில் இருப்பது இதுதான். மென்றால் எச்சில் ஊறும். எச்சில் ஊறினால் நாற்றம் குறையும். ஒரே ஒரு எச்சரிக்கை: நாய்க்கு இது விஷம், மிச்சத்தைப் போட்டுவிடாதீர்கள்.

கட்டைக்கும் சூயிங்கத்துக்கும் நடுவில் எத்தனை வேலை நடந்திருக்கிறது பாருங்கள். வேகவைத்து, வடித்து, சுத்தம் பண்ணி, ஆளுக்குக் கொடுத்துப் பார்த்து, அளவு குறித்து, அப்புறம்தான் கடைக்கு வந்தது. செந்தோலுக்கும் கழிவு வெற்றிலைக்கும் அந்த வழிதான். வீட்டு உரலில் நடக்கிற காரியம் இல்லை. கழிவுக்கு விலை தருகிறேன் என்று யாராவது வந்தால், பூஞ்சண விஷம் சோதிக்கிறார்களா, எழுத்தில் கொள்முதல் உறுதி தருகிறார்களா என்று கேளுங்கள். மிஷின் வாங்கி வைக்கச் சொல்லி முன்பணம் கேட்டால் திண்டிவனத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

அதுவரை வாய் நாற்றத்துக்கு என்ன செய்வது? நாக்கை வழிக்க வேண்டும். பல் விளக்குகிறவர்கள் நாக்கின் நுனியை மட்டும் வழித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கிருமி இருப்பது பின்பக்கத்தில். வழிப்பானைக் குமட்டல் வராத அளவுக்கு உள்ளே கொண்டுபோய், மெதுவாக இரண்டு மூன்று தடவை இழுத்தால் போதும்; ரத்தம் வர ராவக் கூடாது. ராத்திரி படுக்கும் முன்னாலும் பல் விளக்க வேண்டும். காட்டு வேலையில் இருக்கும்போது தண்ணீர் குடிக்காமல் டீயையே குடித்துப் பொழுதை ஓட்டாதீர்கள்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பதைப் பற்றித் தமிழ்நாட்டுப் பல் மருத்துவர்களே ஆய்ந்திருக்கிறார்கள். அசோகன் முதலானோர் 2011 இல் வெளியிட்ட ஆய்வில் விடலைப் பருவத்துப் பிள்ளைகள் 20 பேரை எடுத்துக்கொண்டு, 10 பேருக்கு நல்லெண்ணெயும் 10 பேருக்குக் குளோரெக்சிடின் என்ற மருந்து நீரும் 14 நாள் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் நாற்றம் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் எள்ளு விளைகிற ஊர்க்காரர்களுக்குக் கையிலிருக்கிற பொருள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் எண்ணெயை 10 நிமிடம் கொப்பளித்து மண்ணில் துப்பிவிடுங்கள், விழுங்கக் கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். பல் விளக்குவதற்குப் பதில் அல்ல, அதற்கு மேல்.

பல் விளக்கும்போது ரத்தம் வந்தாலோ, பல் ஆடினாலோ, ஈறு வீங்கி அழுத்தினால் சீழ் வந்தாலோ இலையும் எண்ணெயும் பார்த்துக்கொண்டிருக்காமல் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போங்கள். பல்லில் இறுகின காரையைக் கருவியால்தான் எடுக்க முடியும். காரை எடுத்தால் பல் ஆடும் என்று பயப்பட வேண்டாம். ஆடின பல்லைக் காரைதான் பிடித்துவைத்திருந்தது என்று தெரியும். அப்படியே ரத்தத்தில் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை வியாதி இருந்தால் ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் வராது. வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளைப் படையோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. பல் செட் வைத்திருக்கும் பெரியவர்கள் ராத்திரி அதைக் கழற்றிக் கழுவி, சுத்தமான தண்ணீரில் போட்டுவைத்துவிட்டுப் படுங்கள்.